அப்பா படகுக்குப் பாய்ந்த நாள்

1

நடக்க முடியாத அப்பாவைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் நான் கடலில் தள்ளப் பார்த்தேன் என்று பாளையங்கோட்டையில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். சித்தி ஃபோனில் சொன்னாள். என் மகள் எடுத்த சின்ன வீடியோ ஒன்று சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்குள் போய்விட்டது. அதில் எழுபத்தெட்டு வயது மனுஷர், இடது கால் சரியாக வராதவர், கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் ஒரு படகுக்குள் பாய்கிறார். பின்னாலிருந்து நான் அலறுவது கேட்கிறது. ஓர் அத்தை அதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு, தள்ளிவிட்டது மாதிரிதான் தெரிகிறது என்று குரல்பதிவே அனுப்பிவிட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது ஊரறிந்த விஷயம். அந்தக் குழுவில் ஆளுக்கொரு பதில் போடுவதை விட, நடந்ததை முழுதாக எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன். புனேக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தமிழில் இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் அனுவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

2

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் அவர் ஏறாத கம்பம் கிடையாது. அம்மா போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது வாய் கோணி, இடது பக்கம் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு மேரி அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கை ஓரளவு திரும்ப வந்துவிட்டது. கால் பாதிதான் வந்தது. நான் ஒரே பிள்ளை. வீட்டைப் பூட்டிச் சாவியை மேரி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை இங்கே விஷ்ராந்த்வாடிக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

இங்கே அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தனி அறை, குளியலறையில் கைப்பிடி, தமிழ்ச் சேனல்கள் எல்லாம் வரும் டிவி. நானும் வீட்டுக்காரரும் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஆறரை ஆகும். அனு காலேஜ், கிளாஸ் என்று ஓடுவாள். நடுவில் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கி, வாசலில் செக்யூரிட்டி பக்கத்தில் போய் உட்காருவார். செக்யூரிட்டி "நமஸ்தே காகா" என்பார். இவரும் நமஸ்தே என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. மராத்தியில் காகா என்றால் சித்தப்பா, பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும் வார்த்தை. வந்த புதிதில் அப்பா, "ஏட்டி, என்னைய எதுக்கு இவன் காக்காங்கான்?" என்று கேட்டு வீடே சிரித்தது.

வாரம் இரண்டு நாள் ஸ்டெல்லா வருவாள், காலுக்குப் பயிற்சி கொடுக்க. மூன்று தலைமுறையாகப் புனேயிலேயே கட்கியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவளுடைய தாத்தா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். அவள் தமிழில் பாதி இந்தியாக இருக்கும். "அங்கிள், டாங் மேல எடுங்க, இன்னும் தோடா, சபாஷ்" என்பாள், காலைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் என்று. அந்த அரை மணி நேரத்துக்காக அப்பா காலையிலேயே சவரம் செய்து உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

ஆறு மாதமாக ஒரே பாட்டு, ஊருக்குப் போகிறேன் என்று. மேரி அக்கா சாப்பாடு கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். காலையில் குளிக்க வைக்க ஓர் ஆளைப் பேசிவைத்துவிட்டாராம். எல்லாம் எனக்குத் தெரியாமல் ஃபோனிலேயே நடந்திருக்கிறது. நான் ஒரே வார்த்தையில் முடியாது என்றேன். அந்தக் காலை வைத்துக்கொண்டு தனியாக எப்படி இருப்பீர்கள், விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கத்தினேன்.

"இங்கன ஒரு நாளைக்கு ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுதேன். சாப்பிட்டாச்சு, மாத்திரை போட்டாச்சு. வேற என்ன பேசுதேன், நீயே சொல்லு" என்றார்.

நான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

3

கப்பல் என் யோசனையில்லை. எங்கள் கல்யாண நாளுக்காக வீட்டுக்காரர் மும்பையிலிருந்து லட்சத்தீவு போய்வரும் உல்லாசக் கப்பலில் மூன்று பேருக்கு இடம் போட்டிருந்தார். கடைசி நேரத்தில் அவருக்கு ஆபீசில் ஆடிட் வந்து தொலைத்தது. அவர் கோயமுத்தூர்க்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். "என்ற எடத்துல மாமாவைக் கூட்டிட்டுப் போ. அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அப்பா முதலில் வரமாட்டேன் என்றார். அப்புறம் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். கப்பல் நடுக்கடலில் நிற்கும், அங்கிருந்து சின்னப் படகில் தீவுக்குப் போகவேண்டும் என்று அனு சொல்லியிருக்கிறாள்.

"நான் கப்பல்ல வந்து, அந்தத் தீவுல எறங்கித் திரும்பி ஏறிட்டேன்னா, என்னைய ஊர்ல கொண்டு விட்டுரணும். சம்மதமா?" என்றார்.

சம்மதம் என்றேன். ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

கப்பல் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. நடமாட்டத்தில் சிரமம் உள்ள பயணிகளுக்கு மூன்று கட்டம். தானாக நடப்பார், தூரத்துக்கு மட்டும் சக்கர நாற்காலி வேண்டும், எந்நேரமும் சக்கர நாற்காலி வேண்டும். மூன்றாவது கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு, இவர்கள் சின்னப் படகில் ஏற அனுமதியில்லை, கப்பலிலேயே இருக்கலாம் என்று. அப்பாவுக்கு நியாயமாக இரண்டாவது கட்டம். நான் மூன்றாவதில் டிக் போட்டேன். அவருடைய பத்திரத்துக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கப்பலையும் காட்டியாச்சு, பந்தயமும் என் பக்கம். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

4

கப்பல் நன்றாகத்தான் இருந்தது. மும்பைத் துறைமுகத்தில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வரிசை எதிலும் நிற்கவிடாமல் ராஜமரியாதையோடு ஏற்றினார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறைக்குள் குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு இரும்புத் தடுப்பு. இடது காலை அதற்கு மேல் தூக்கி வைக்க அவருக்கு முதல்நாள் ஐந்து நிமிஷம் ஆனது. நான் பிடிக்கப் போனால் "நீ அங்கிட்டுப் போ" என்று விரட்டினார். கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் மூன்று நிமிஷம் ஆனது.

சுற்றிலும் குஜராத்திக் குடும்பங்கள், காலையிலிருந்து பாட்டும் ஆட்டமும். அப்பா மேல்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கப்பலுக்கு எத்தனை ஜெனரேட்டர் இருக்கும், ஒன்று நின்றுபோனால் மற்றது எத்தனை விநாடியில் எடுக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? பரிமாற வந்தவரிடம் நான் இந்தியில் கேட்டுச் சொல்ல, அவர் ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்தார். அனுதான் தாத்தாவோடு அதிகம் சிரித்தாள். அவள் தமிழில் மரியாதை விகுதி கிடையாது. "தாத்தா தூங்கறான், தாத்தா சாப்பிட்டான்" என்பாள். நான் திருத்துவேன். அப்பா, "விடு, எனக்குச் சின்ன வயசு ஆன மாதிரி இருக்கு" என்பார்.

தீவு வந்த காலையில், நாம் மேலேயே இருந்து பார்ப்போம் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். சக்கர நாற்காலி மட்டும் இருக்கிறது. கீழ்த்தளத்துக்கு ஓடினேன். பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் வரிசையில், முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு வாக்கரோடு நிற்கிறார். பக்கத்தில் அனு.

கையில் பட்டியல் வைத்திருந்த அதிகாரி, கண்டிப்பான ஆனால் நல்ல பெண், ஆங்கிலத்தில் சொன்னார். இவர் பெயருக்கு எதிரே எந்நேரமும் சக்கர நாற்காலி என்று இருக்கிறது, இறங்க முடியாது. அனு அதைத் தாத்தாவுக்குத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அப்படின்னு யாரு எழுதிக் குடுத்தது?" என்று அப்பா கேட்டார்.

அனு என்னைப் பார்த்தாள். நான்தான் என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது கை வந்த கலை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

அந்த அதிகாரி என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு வழி இருக்கிறது என்றார். தரையில் இரண்டு மஞ்சள் கோடு ஒட்டியிருந்தார்கள், நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. யாரும் தொடாமல் அதைத் தாண்டிக் காட்டினால் விடலாம். ஆனால் வீட்டார் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். அப்பா வாக்கரை அனுவிடம் கொடுத்தார். நல்ல காலை முதலில் வைத்தார், ஒரு கணம் ஆடினார், மற்றதை இழுத்துக்கொண்டார். தாண்டிவிட்டார்.

அதிகாரி காகிதத்தை என்னிடம் நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. அனு என் தோளைப் பிடித்து, "அம்மா, போட்டுரு. தாத்தா பாவம். அவன் கேக்கறதே இல்லல்ல எதுவும்" என்றாள். போட்டேன்.

கதவுக்கு வெளியே கடல். ஒரு மேடை, அதற்குக் கீழே படகு ஒரு முழம் ஏறுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. மஞ்சள் கோடு எங்கே, இது எங்கே. படகுக்குள் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் ரத்னாகிரிப் பக்கத்துக்காரர். அனு முதலில் இறங்கி, நாங்கள் புனே என்று அவரிடம் மராத்தியில் பேசிவிட்டு, ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரும் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பாவிடம் மராத்தியிலேயே ஆரம்பித்துவிட்டார்.

அப்பா விளிம்பில் நின்று கீழே பார்த்தார். படகுக்காரர், "காகா, ஹளூ ஹளூ. பாய்... பாய்..." என்றார்.

மராத்தி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹளூ என்றால் மெதுவாக. பாய் என்றால் கால். பெரியவரே, மெதுவாகக் காலை வையுங்கள் என்கிறார் அந்த மனிதர். எங்கள் அப்பாவுக்கு அந்த அலைச் சத்தத்தில் காதில் விழுந்த ஒரே தமிழ் வார்த்தை பாய். எழுபத்தெட்டு வயதில், பாதிக் காலோடு, ஒருவன் பாய் என்றதும் அவர் பாய்ந்துவிட்டார்.

அலறியது நான்தான். தள்ளியது நான் இல்லை. இரண்டு பேரும் அவரை நெஞ்சோடு பிடித்துவிட்டார்கள். ஆனால் இரண்டு காலும் படகில் ஊன்றித்தான் நின்றார். ரத்னாகிரிக்காரர் வெலவெலத்துப்போய் மராத்தியில் ஏதேதோ சொன்னார். அப்பா அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பை நான் கடைசியாக அம்மா இருந்தபோது பார்த்தது.

5

தீவில் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கி மீன் பார்க்கப் போனார்கள். அனுவும் போனாள். அப்பாவை ஒரு கொட்டகை நிழலில் உட்காரவைத்தேன். இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் மலையாளம் மாதிரி ஒன்று பேசினார். அப்பா தமிழில் பதில் சொன்னார். ஒருவர் பேசியது மற்றவருக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. அவருடைய மச்சினர் தீவின் மின்சாரத் துறையில் வேலையாம். ஆள்விட்டு அழைத்துவந்தார். அவ்வளவுதான், எனக்கு அங்கே வேலையில்லாமல் போனது.

டீசல் ஜெனரேட்டரில்தான் முக்கால்வாசி ஓடுகிறது, உப்புக் காற்றில் கம்பி அரித்துப்போகிறது, மழைக்காலத்தில் தென்னை மட்டை விழுந்தால் தீவே இருட்டு என்று அந்த மச்சினர் சொல்லச் சொல்ல, அப்பா தன் கதைகளை எடுத்துவிட்டார். புயலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது, கம்பத்தின் உச்சியில் இரண்டு மணி நேரம் நின்றது, துணைக்கு வந்த ஆள் கீழேயே மயங்கி விழுந்தது. நான் கேட்டேயிராத கதைகள். இரண்டு வருஷமாக என் வீட்டில் இருந்த மனிதர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், அந்த விழுந்த கையையும் சேர்த்துத்தான். கிளம்பும் நேரமாகிவிட்டது என்று நான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் எழுந்தார்.

திரும்பும்போது கடல் கலங்கிவிட்டது. படகு கப்பலோடு மோதி மோதி விலகியது. மேலேயிருந்த அதிகாரி, இந்த முறை முடியாது என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். ஒரு நாற்காலியை இறக்கி, பட்டை போட்டுக் கட்டி, நான்கு பேர் அப்பாவைத் தூக்கி ஏற்றினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அறைக்கு வந்து, மும்பை வரும்வரை அதிகம் பேசவில்லை. நானும் பந்தயத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தோற்றது யாரென்று எனக்குச் சரியாகப் புரியவில்லை.

6

புனே வந்த பிறகு அந்த வீடியோ அப்பாவுக்கு உயிராகிவிட்டது. அனுவிடம் வாங்கி மின்வாரிய ஓய்வூதியக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார். ஸ்டெல்லாவுக்குக் காட்டினார். "பாய்ன்னான், பாஞ்சுட்டேன்" என்று செக்யூரிட்டிக்கு நடித்தே காட்டினார். ஸ்டெல்லா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். அவளுக்கு மராத்தி தெரியுமே. நான் உதட்டில் விரல் வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மேரி அக்கா வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டதாகச் சொன்னார் அப்பா. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அவன் உங்களப் பாயச் சொல்லலப்பா" என்றேன். "மராத்தியில பாய்னா கால். மெதுவா காலை வைங்கன்னு சொல்லியிருக்கான். நீங்க தப்பாக் கேட்டுட்டுப் பாஞ்சிருக்கீங்க. அவங்க பிடிக்கலைன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்?"

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா கையிலிருந்த பட்டாணியைத் தட்டில் போட்டார்.

"காலா?"

"ஆமா."

அப்பா குனிந்துகொண்டார். இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. ஒரு மனுஷனிடம் மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தையும் பிடுங்கிவிட்டாயே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்புறம் நிமிர்ந்தார். "சரி, காது தப்பாக் கேட்டுட்டு. கால் பாஞ்சுதா இல்லையா?"

நான் விட்டேனா? "திரும்பி வரும்போது தூக்கிட்டுத்தான வந்தாங்க?"

"தூக்கிட்டுத்தான் வந்தாங்க. நான் ஒண்ணும் ஜெயிச்சேன்னு சொல்லல. பந்தயத்த விட்டுரு. என்னைய ஊர்ல கொண்டு விடுன்னு கேக்கத்தான் செய்யுதேன்."

அவர் என்னிடம் கேட்டுத்தான் தன் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டதும் இத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைந்துகொண்டு வந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன். இருபது வருஷம் இந்த ஊரில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசி, மகளிடம் பாதித் தமிழும் வீட்டுக்காரரிடம் காய்கறிப் பட்டியலும் பேசிப் பேசி, அப்பா வந்த பிறகுதான் எனக்கே வாய் திறந்தது. ஆபீசில் நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம்தான் கொட்டுவேன். அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு, மீதி நேரமெல்லாம் நான்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீங்க போயிட்டா இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளில்லப்பா" என்றேன்.

அப்பா என் தலையில் கையை வைத்தார். அந்த விழுந்த கை, அதனால் கனமாக இருந்தது.

"அதச் சொல்ல வேண்டியதுதானட்டி. இத்தன நாளா ஏன் என் கால் மேல பழியப் போட்ட?"

அன்றைக்குச் சாயங்காலமே, ஊர்ப் பக்கமாகப் போகும் நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் போட்டேன். அப்பாவுக்குப் போக மட்டும். எனக்குப் போகவும் வரவும்.